நாற்பத்தொரு பேர், கேர் ஆஃப் ஷரபுதீன்

ஈப்போ மாநகரம் உலகத்துக்கு மூன்று கொடைகளை வழங்கியிருக்கிறது. ஒன்று ஈயம். இரண்டு வெள்ளைக் காப்பி. மூன்று நான். ஈயம் தீர்ந்து போயிற்று. வெள்ளைக் காப்பியை எல்லா ஊரிலும் பாக்கெட்டில் போட்டு விற்கிறார்கள். ஆகவே இன்றைய தேதியில் ஈப்போவின் அசல் பெருமை என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான் மிச்சம். இதைத் தற்பெருமை என்று யாரும் எண்ண வேண்டாம். சென்ற ஆண்டின் 'தலைசிறந்த ஊழியர்' பாராட்டு எனக்கு மின்னஞ்சலில் வந்தது. அதை அனுப்பியது நான் அமைத்த முறைமை. நன்றி சொல்லிப் பதில் போட்டதும் நான் அமைத்த முறைமை. நான் அப்போது மதியச் சாப்பாட்டில் இருந்தேன்.

என் பெயர் தர்மேந்திரன். வீடமைப்பு நிறுவனம் ஒன்றில் 'தானியங்கித் தொடர்பு ஒருங்கிணைப்பாளர்' பதவி வகிக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு உடனே ஒரு நன்றி மின்னஞ்சல் வந்துவிடும். அப்புறம் அதை நிறுத்த என்னாலும் முடியாது.

நான் வருவதற்கு முன் அந்த அலுவலகம் கிடந்த அலங்கோலத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான்கு குமாஸ்தாக்கள் இருந்தார்கள். யாராவது கூரை ஒழுகுகிறது என்று எழுதினால், அவர்கள் அதைப் படிப்பார்கள். ஆமாம், படிப்பார்கள். பிறகு ஒருவர் கிளம்பிப் போய் நிஜமாகவே அந்தக் கூரையைப் பார்ப்பார். எவ்வளவு பிற்போக்கு! ஒரு பதில் போக மூன்று வாரம். இப்போது மூன்று நொடிகூட ஆகாது. 'உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியமானது' என்று பதில் போய்விடும். மறுபடி எழுதினால் அதே பதில் அவர் பெயரோடு போகும். மூன்றாவது முறை எழுதினால் கோப்பு தானாக மூடிக்கொண்டு, ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் கேட்கும் 'மனநிறைவு ஆய்வு' ஒன்று போகும். கூரை என்னவோ ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அதற்குக் கீழே நனைகிறவருக்குத் தாம் எவ்வளவு முக்கியமானவர் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் பொது நிர்வாகி புஷ்பலதா மேடம் தொலைநோக்கு உள்ளவர். முறைமை ஓடத் தொடங்கிய முதல் நாளே என்னை அழைத்து விசாரித்தார்.

"தர்மேந்திரன், எல்லாருக்கும் பதில் போகுதா?"

"போகுது மேடம்."

"எவ்வளவு நேரத்துல?"

"அவங்க கைய எடுக்கறதுக்குள்ள மேடம்."

"நம்ம பக்கம் யாராச்சும் படிக்கிறாங்களா?"

"அந்தக் கொறையெல்லாம் நீக்கியாச்சு மேடம்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பினாங்கில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்வந்த வேகத்தில், அவரே ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். ஆய்வில் யாராவது ஒற்றை நட்சத்திரம் போட்டால் அவருடைய கோப்பு திரும்பத் திறக்கும். மேடத்தின் கைப்பேசிக்கு நேரே அழைப்புப் போகும். மேடமே படித்து, மேடமே கையெழுத்துப் போடும்வரை கோப்பை மூட முடியாது. அந்தக் கோப்புக்குரிய வீட்டை யாருக்கும் விற்கவும் முடியாது. 'வாடிக்கையாளரே தெய்வம்' என்று அந்த விதிக்குப் பெயர். மூன்று ஆண்டுகளில் அது ஒருமுறைகூட இயங்கவில்லை. எங்கள் பேராக் மாநிலத்து மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். பக்கம் பக்கமாகத் திட்டி எழுதிவிட்டு நான்கு நட்சத்திரம் போடுவார்கள்.

இவ்வளவு பெரிய நன்மையை ஊருக்கு வழங்கிவிட்டு வீட்டுக்கு வழங்காதவன் என்ன மனிதன்? என் தாயார் கருப்பம்மாள், பீடோருக்கு அந்தப் பக்கம் ஒம்பதாங்கட்டைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய லயத்து வரிசையில், பதினேழாம் நம்பர் வீட்டில் இருக்கிறார். தினமும் கைப்பேசியில் 'சாப்டியாய்யா?' என்று ஒரு செய்தி அனுப்புவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதற்கும் ஒரு தானியங்கிப் பதில் அமைத்தேன். 'சாப்ட்டேன்மா. நல்லாருக்கேன். ஞாயித்துக்கெழம வாரேன்.' அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு நாள்கூடப் பதில் தவறியதில்லை. நான் காய்ச்சலில் மூன்று நாள் பட்டினி கிடந்தபோதும், மூன்று நாளும் சாப்பிட்டதாக அவருக்குத் தகவல் போனது. இப்படி ஒரு பிள்ளையை எந்தத் தாய் பெற்றிருக்கிறாள்?

அந்த ஒம்பதாங்கட்டைத் தோட்டத்தைத்தான் எங்கள் நிறுவனம் வாங்கியது. ரப்பர் மரம் எல்லாம் சாய்த்து, புது வீடமைப்புப் பகுதி எழுந்தது. லயத்தில் மிச்சமிருந்த நாற்பத்தொரு குடும்பங்களுக்கு ஓரத்து வரிசையில் நாற்பத்தொரு வீடு தருவதாக ஒப்பந்தம். ஆண்டு முடிவில் லயத்தை இடித்துவிடுவார்கள். வீடு வரவில்லை என்றால் அவர்கள் போக வேறு இடம் கிடையாது. என் தாயாரும் அந்த நாற்பத்தொருவரில் ஒருவர். ஆனால் நான் சொந்தபந்தம் பார்க்கிறவன் அல்ல. எல்லாருக்கும் போன படிவம்தான் அவருக்கும் போனது.

படிவத்தில் 'மின்னஞ்சல்' என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கேதான் தோட்டத்து மக்களின் குணத்தைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் தபால்காரர் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. மெயின் ரோட்டு முச்சந்தியில் ஷரபுதீன் அண்ணன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். தபாலெல்லாம் அங்கேதான் இறங்கும். தே தாரேக் டீ ஆற்றும் மேடைக்குப் பக்கத்தில் பெரிய மைலோ டின் ஒன்று. அதில் கடிதங்கள் நிற்கும். டீ குடிக்க வருகிறவர்கள் தங்கள் வரிசைக்காரர்களின் கடிதத்தை எடுத்துப்போய்க் கொடுப்பார்கள். பிறப்புச் சான்றிதழிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாருக்கும் ஒரே விலாசம்தான்: 'கேர் ஆஃப் ஷரபுதீன் கடை'. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கடிதமும் தொலைந்ததில்லை. எனக்கு இந்த வேலை கிடைத்த கடிதமே அந்த டின்னிலிருந்துதான் வந்தது. அதன் மேல் டீ கிளாஸின் வட்டம் இன்னும் இருக்கிறது.

ஆகவே மின்னஞ்சல் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேள்வி எழுந்தபோது, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சன்னாசி ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தார்.

"இவ்வளவு நாளா கடிதாசி எங்க வருது? ஷரபு கடைக்கு. அப்ப இந்தக் கடிதாசியும் அங்கதானலா வரணும்?"

நாற்பத்தொரு படிவத்திலும் ஷரபுதீன் கடையின் மின்னஞ்சல் ஏறியது.

இனி முறைமையின் மேன்மையைக் கேளுங்கள். நான் அமைத்த விதிகளில் தலையாயவை இரண்டு. ஒரே மின்னஞ்சல் என்றால் ஒரே ஆள். சலுகைக் கடிதத்துக்குப் பதினான்கு நாளில் பதில் வந்தால் சம்மதம். என்ன பதில் என்று பார்ப்பதில்லை. படிக்கத்தான் ஆள் இல்லையே.

மூன்றாவதாக, என் தரும சிந்தனையும் இதில் சேர்ந்துகொண்டது. சென்ற ஆண்டு ஷரபுதீன் அண்ணன் ஈப்போவுக்கு வந்தபோது, அவர் கடையின் மின்னஞ்சலுக்கும் ஒரு தானியங்கிப் பதிலை இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்தேன். 'உங்கள் ஆர்டர் கிடைத்தது. சுடச்சுடத் தயாராகிறது. மிக்க நன்றி.'

ஒரு திங்கட்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு முறைமை நாற்பத்தொரு படிவங்களையும் ஆராய்ந்தது. இவர் நாற்பத்தொரு தடவை விண்ணப்பித்த ஒரே ஆர்வலர் என்று கண்டுபிடித்தது. 'அன்புள்ள ஷரபுதீன் உணவகம் அவர்களே, உங்களுக்கு ஒரு வீடு' என்று சலுகைக் கடிதம் அனுப்பியது. நான்கு விநாடியில் கடையிலிருந்து பதில் வந்தது. சுடச்சுடத் தயாராகிறதாம். முறைமை அதைச் சம்மதமாகப் பதிந்து, நாற்பத்தொரு கோப்புகளையும் மூடி, நாற்பத்தொரு மனநிறைவு ஆய்வுகளை அதே விலாசத்துக்கு அனுப்பிவைத்தது. என் தாயாரின் கோப்பில் 'நகல், எண் 17' என்று முத்திரை விழுந்தது. மந்திரி நேரில் வந்தாலும் இவ்வளவு பாரபட்சமில்லாமல் நடந்துகொள்வாரா?

முறைமை அத்தோடு நிற்கவில்லை. சம்மதத்துக்கு நன்றி சொன்னது. கடை அதையும் ஆர்டர் என்று எடுத்துக்கொண்டு நன்றி சொன்னது. அந்த நன்றிக்கு இது நன்றி சொன்னது. மாலை ஐந்து மணிக்குள் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு மின்னஞ்சல்கள். மறுநாள் கூட்டத்தில் மேடம் அந்தக் கணக்கைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"பாருங்க, இந்தக் கஸ்டமர் நம்மள எவ்வளவு நேசிக்கிறாரு! நம்ம வீட்டுல கூட யாரும் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவ நன்றி சொல்றதில்ல."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மிச்சமான நாற்பது வீடுகளுக்கும் 'கூடுதல் கையிருப்பு' என்று பெயர் சூட்டப்பட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அலுவலக வளாகத்தில் பந்தல் போட்டு, உறுமி மேளம் வைத்து, பொதுமக்களுக்கு விற்பனை என்று முடிவாயிற்று.

புதன்கிழமை ஷரபுதீன் அண்ணன் தம் மகள் அமீராவோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். அமீராதான் கடையின் கைப்பேசி ஆர்டர்களைக் கவனிக்கிறவள். அலுவலக வாசலில் இருந்த திரை அவர்களை மின்னஞ்சல் அனுப்பச் சொன்னதால், நானே பெருந்தன்மையோடு இறங்கி எதிர்க்கடைக்கு அழைத்துப் போனேன்.

"எனக்கு எதுக்குய்யா வீடு? பீடோர்ல எனக்கு வீடு இருக்குலா. அந்த நாப்பத்தொரு பேருக்கு வீடு எங்க?"

"அண்ணே, முறைமைப்படி அந்த நாப்பத்தொரு பேரும் நீங்கதான்."

"நானா? மண்டோர் சன்னாசியும் நானா?"

"ஆமாண்ணே."

"கருப்பம்மா அக்காவும் நானா? உங்கம்மாடா!"

"அம்மான்னு தனியா ஒரு கட்டம் அதுல இல்லண்ணே."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி விடு. எனக்கு வீடு வேணாம்னு இப்பவே எழுதிப் போடறேன்."

"தாராளமா போடுங்க. ஆனா எந்தப் பதில் வந்தாலும் சம்மதம்னுதான் அர்த்தம்."

"நான் எப்பய்யா சம்மதிச்சேன்?"

"திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்கு. நாலு விநாடில."

"நான் அப்ப ரொட்டி சானாய் வீசிக்கிட்டு நின்னேன்லா!"

"அதனாலென்ன? உங்க சார்புல நான் அமைச்ச பதில் சம்மதிச்சிருச்சு."

அவர் நம்பாமல் 'வேண்டாம்' என்று அங்கேயே எழுதி அனுப்பினார். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது: 'உங்கள் மறு உறுதிக்கு வாழ்த்துகள்!'

"என்னெயத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏத்தாம விடமாட்டெ போலருக்கு" என்றார் ஷரபுதீன் அண்ணன்.

அமீரா கேட்டாள்.

"தர்மா அண்ணே, இத மனுசங்க யாராச்சும் மாத்த முடியுமா, முடியாதா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. முறைமையைப் பற்றி இவ்வளவு கூர்மையாக இதுவரை யாரும் கேட்டதில்லை. "முடியவே முடியாதும்மா. ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். உங்க இமெயிலுக்கு நாப்பத்தொரு ஆய்வு வந்திருக்கும். அதுல தப்பித்தவறி ஒத்த நட்சத்திரம் போட்டுடாதீங்க. போட்டா அந்தக் கோப்பு தெறந்துக்கும், மேடம் போனு அலறும், மேடமே படிச்சிக் கையெழுத்துப் போடற வரைக்கும் அந்த வீட்ட விக்க முடியாது. அந்தப் பாவத்த மட்டும் செஞ்சிடாதீங்க."

அமீரா கிளாஸைக் கீழே வைத்தாள். "இன்னொருவாட்டி மெதுவா சொல்லுங்கண்ணே" என்றாள். நான் மெதுவாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். கற்றுக்கொள்ளும் ஆர்வம் உள்ளவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பந்தல் நிறைய வாங்குகிறவர்கள். மேடம் பட்டுச்சேலையில் மேடையேறி, ஒலிவாங்கியைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு லாரிகள் வளாகத்துக்குள் நுழைந்தன. ஒம்பதாங்கட்டைத் தோட்டமே இறங்கியது. ஷரபுதீன் அண்ணன் மைலோ டின்னோடு இறங்கினார். அதில் நாற்பத்தொரு ஒப்பந்தக் கடிதங்களும் நின்றன. காவலாளி தடுத்தார். "மின்னஞ்சல் அனுப்பிட்டு வாங்க" என்றார்.

"அனுப்பத்தான் வந்திருக்கோம்" என்றாள் அமீரா.

அவள் தன் கைப்பேசியில் முதல் ஆய்வைத் திறந்தாள். "மண்டோரே, நேரம் மிச்சம், எல்லாருக்கும் சேத்து நானே அழுத்திடவா?" என்று கேட்டாள்.

"வேணாம் தாயி. எல்லாரும் ஒரே ஆளுன்னு சொல்லித்தான இந்த வெனையே. ஒவ்வொருத்தரா வரட்டும்" என்றார் சன்னாசி. இடுப்பிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். பெரட்டுப் புத்தகம். தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். தோட்டம் போனாலும் அவர் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடவில்லை. நாற்பத்தொரு பேரும், யாரும் சொல்லாமலே, கார் நிறுத்துமிடத்தில் வரிசை கட்டினார்கள்.

"சின்னையா!"

"இருக்கேன்!"

சின்னையா முன்னால் வந்து ஒற்றை நட்சத்திரத்தை அழுத்தினார். மேடையில் மேடம், "எங்களுக்கு ஒவ்வொரு கஸ்டமரும்..." என்று தொடங்கியிருந்தார். கைப்பேசி அலறியது. ஒலிவாங்கிக்குப் பக்கத்திலேயே இருந்ததால் பந்தல் முழுக்கக் கேட்டது: 'ஒற்றை நட்சத்திரம்! கோப்பு எண் ஒன்று!' மேடம் அழைப்பைத் துண்டித்தார். துண்டித்தால் பத்து விநாடியில் திரும்பவும் அழைக்கும்படி அமைத்திருந்தேன். அழைத்தது.

"சரளா!"

"இருக்கேன்!"

'ஒற்றை நட்சத்திரம்! கோப்பு எண் இரண்டு!'

உறுமி மேளக்காரர்கள் முதலில் கைப்பேசியோடு போட்டி போட்டார்கள். பிறகு தோற்று, ஓய்ந்து, கடைசியில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அடி சேர்த்து அடிக்கத் தொடங்கினார்கள். ராஜு கழிவறைக்குப் போயிருந்ததால் பெயர் கூப்பிட்டபோது பதில் வரவில்லை. ஓடி வந்து நின்றவரைச் சன்னாசி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "பெரட்டுக்கு லேட்டு. அரை நாளு" என்று எழுதிக்கொண்டார். நாற்பது பேரும் சிரித்தார்கள். தோட்டத்தில் பெரட்டுக்குப் பிந்தினால் அரை நாள் கூலி வெட்டுவதுதான் தண்டனை.

ஒன்பதாவது கோப்பிலேயே மேடம் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

"தர்மேந்திரன்! இத மொதல்ல நிறுத்து!"

"முடியாது மேடம். நீங்க படிச்சிக் கையெழுத்துப் போடணும்."

"எவன் வச்ச விதி இது?"

"நீங்கதான் மேடம். பினாங்குலேருந்து வந்து."

வீடு வாங்க வந்தவர்கள் கூட்டமாகச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர், "ஏன் மேடம், ஏற்கெனவே இவங்களுக்குக் குடுத்த வீட்டையா எங்ககிட்ட விக்கிறீங்க?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டார். எங்கள் நிறுவனத்தின் வரலாற்றில் தானாகப் பதில் போகாத முதல் கேள்வி அது. பிறகு மேடம் ஒரு காரின் பானெட்டில் டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொரு கடிதமாகப் படித்தார். பெயரைப் படித்தார், நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், வீட்டு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பத்தொரு கையெழுத்து. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒருவர் ஒரு கடிதத்தைப் படித்தது அன்றைக்குத்தான். அந்த அவமானத்தை என் கண்ணால் பார்க்க நேர்ந்தது.

பதினேழாவதாக என் தாயாருக்கு வீடு கிடைத்தது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார். இளைத்திருந்தார். எப்போது இளைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. என்றாலும் நான் கடமையை மறக்கவில்லை.

"ஏம்மா, நீங்களுமா ஷரபு அண்ணன் கடை இமெயில போட்டீங்க? பெத்த புள்ள நான் இருக்கேன். என் இமெயில போட்டிருந்தா உங்களுக்காச்சும் கொழப்பமில்லாம வீடு வந்திருக்கும்ல?"

அம்மா கைப்பேசியை எடுத்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் நின்றார். என் சட்டைப் பையில் ஒரு சத்தம் வந்தது. உடனே அவர் கையில் ஒரு சத்தம் வந்தது. கைப்பேசியை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

'அம்மா செத்துட்டேன்யா.'

'சாப்ட்டேன்மா. நல்லாருக்கேன். ஞாயித்துக்கெழம வாரேன்.'

"போன வருசம் நான் காய்ச்சல்ல கெடக்கேன்னு எழுதுனப்பவே இது நீ இல்லன்னு தெரிஞ்சிருச்சு" என்றார் அம்மா. "ஷரபு கடைல ரெண்டு நாளு நான் டீ குடிக்க வரலன்னா, யாராச்சும் வந்து கதவத் தட்டுவாங்கய்யா. அதான் அலாமாட்டுக்கு அந்த வெலாசத்தப் போட்டேன். இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நீ வருவேன்னு சொன்ன. நான் வந்துட்டேன்."

லாரியில் எல்லாரும் ஏறத் தொடங்கியிருந்தார்கள். சன்னாசி புத்தகத்தை மூடப் போனவர், எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பழைய பக்கத்தைப் புரட்டினார். பதினேழாம் நம்பர் வீட்டில் அம்மா பெயருக்குக் கீழே என் பெயரும் இருந்தது போலிருக்கிறது.

"தர்மேந்திரன்!"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"ஆளு நிக்கிது, பதிலக் காணோம்" என்றார் மண்டோர். "அரை நாளு போட்டுக்கறேன்."